திரும்பி வருவதற்கு ஆதாரம்

பரந்தன் சந்திக் கடையில்
படிவம் நிரப்புகிறான் கஜரூபன்.
பயண நோக்கம்?
சூரிச்சில் தங்கச்சிக்கு நெஞ்சில் ஒப்பரேசன்,
பக்கத்தில் யாருமில்லை.
"சுற்றுலா எண்டு போடுவம், அக்கா."
என்ன பார்ப்பீர்கள் என்றதற்கு
ஏரி என்று தானே தட்டினான்.

வங்கியில் எட்டு லட்சம் கிடக்கிறது,
அரிசி ஆலைக்காரர் போட்டது.
கடிதம் எடுத்ததும் திருப்பிக் கேட்பார்.

தூதரகம் கேட்கிறது:
திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்?

இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு ஏக்கர்.
உறுதி
மாத்தளன் மணலுக்குள்.
மூன்று தரம் எழும்பி ஓடினோம்,
மூன்று தரமும் வந்து
அதே கிணற்றைத்தான் இறைத்தோம்.
ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை தம்பி.

விசைப்பலகையில் விரலை வைத்தபடி இருந்தான்.
"இதை எந்தப் பெட்டிக்குள்ள
எழுதுறது அக்கா?"

பிறகு எதையோ தட்டினான்.
எழுநூற்றைம்பது ரூபா.