ஊமையாகாத போன்

பிரதாபன் அன்சானில் வாங்கின போன்
லீவில் வந்த துறைநீலாவணைப் பொடியனின்
காற்சட்டைப் பையில் வந்து சேர்ந்தது.
அலுமினியப் பட்டறையில் இரண்டு மாத ஓவர்டைம்,
பெட்டிக்குள் வெள்ளையாய்ப் படுத்துக் கிடந்தது.

சார்ஜரின் கால் இரண்டும் உருண்டை.
எங்கட சுவரிலோ சதுரக் கண் மூன்று.
மேற்கண்ணில் பேனை மூடியைக் குத்தி
கீழ்க்கண் திறக்கிற நேரம் பார்த்துச் செருகவேணும்,
செருப்பைப் போட்டுக்கொண்டு.

மூன்று நாள் தன் பாசைதான் பேசியது.
வட்டமும் குச்சியுமாய் எழுத்துகள்,
சின்னப் பிள்ளை கீறின வீடுகள் மாதிரி.
எந்தக் கதவைத் தட்டினாலும்
வேறொரு வீடு திறந்தது.
தமிழுக்கு மாற்றின பிறகும்
காசு கட்டும் செயலி ஒன்று அசையமாட்டேன் என்றது.
அந்நாட்டு அடையாள எண் வேணுமாம்.
அழிக்கவும் ஏலாது.
வாடகை தராத ஆள் மாதிரி
ஒரு மூலையில் இருக்கிறது, இருக்கட்டும்.

மறுகா கமரா.
படம் எடுத்தால் சளுக் என்கிறது,
மீன் வெட்டுற கத்தி பலகையில் பட்ட மாதிரி.
ஒலியைக் குறைத்தேன். சளுக்.
ஒலியையே நிற்பாட்டினேன். சளுக்.
ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்தில்
போதகர் கையில் தண்ணி அள்ளின நேரம்
சளுக்.
குழந்தை அழவில்லை.
போதகர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

கல்முனையில் நௌபீலின் கடை.
போனைக் கவிழ்த்து
மொடல் நம்பரின் கடைசி எழுத்தைப் பார்த்தார்.
"இது கொரியாவுக்கெண்டு செஞ்சது, தங்கச்சி.
அங்க ஆக்களைக் களவாப் படம் எடுக்கப்படாதெண்டு
கம்பனிக்காரன் எல்லாரும் சேந்து
சத்தத்தைப் பூட்டித்தான் விக்கிறான்.
கழட்டலாம்.
உள்ளுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு
வேற நாட்டு மென்பொருள் ஏத்தவேணும்.
சரிவந்தா நாலாயிரம்.
பிழைச்சா கல்லு."

கல்லு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.
இரண்டு மாத ஓவர்டைம்.
யோசித்துச் சொல்லுறன் என்று எழும்பினேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் நெரிசல்.
பாண்டிருப்பு இன்னும் தாண்டவில்லை.
ரியூசன் முடிந்த பிள்ளை ஒன்று
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
பக்கத்தில் ஒருவன்.
அவன் கையில் போன்,
ஏதோ மறந்துபோய்த் தொங்குகிற மாதிரி இடுப்பளவில்.
அதன் கண் அவள் பக்கம்.
இங்க வாங்கின போன். சத்தமே இல்லை.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ.
கத்தவேணும் என்று தெரியும்.
வாய் வரவில்லை.
கைதான் போனது பைக்குள்.
அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

சளுக்.

தலைகள் திரும்பின.
சளுக்.
கொண்டக்டர் மிச்சக்காசோடு அப்படியே நின்றார்.
சளுக் சளுக்.

மருதமுனையில் இறங்கிப் போனான்.
பெரியநீலாவணைக்கு ரிக்கட் எடுத்தவனாம்,
கொண்டக்டர் யாரிடமோ சொன்னார்.
பிள்ளை புத்தகப் பையைக் கழற்றி
முன்னால் மாட்டிக்கொண்டது.
என்னோடு ஒன்றும் கதைக்கவில்லை.
நானும் கதைக்கவில்லை.
கல்லாற்றுப் பாலம் வரும்வரைக்கும்
கை நடுங்கிக்கொண்டிருந்தது.

இரவு ஒன்பதரை.
அன்சானில் ஒரு மணி, தேத்தண்ணி இடைவேளை.
மகள் நித்திரை கொள்ளுறதை
ஒண்டு எடுத்து அனுப்பு என்றார்.

முதல் படத்தில் வாய் திறந்த நித்திரை.
இரண்டாவதில் ஒற்றைக் கண்.
மூன்றாவதில் எழும்பி இருந்து
என்னை முறைக்கிறாள்.
மூன்றையும் அனுப்பினேன்.

சத்தத்தை இன்னும் எடுப்பிக்கலையா
என்று கேட்டு எழுதினார்.
நாலாயிரமாம் என்று எழுதினேன்.
பஸ்ஸைப் பற்றி எழுதத் தொடங்கி
மூன்று சொல்லோடு அழித்தேன்.

இனி இவளைத் தட்டித் தட்டிப்
படுக்கவைக்கவேணும்.