நுளம்புக் காலம்

உப்புக்கு யன்னல் வேண்டாம்.
வெள்ளவத்தையில் அது
கடற்கரை ரயிலின் பின்னால் ஓடிவந்து
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கும்.
கண்ணாடியில் படியும், கரண்டியில் படியும்.
கிற்றாரில் படியும்போது மட்டும்
எனக்குக் கோபம் வரும்.

பழைய பெனியன் துண்டு, நூறு தரம் தோய்த்தது,
தையல் இல்லாத பக்கம்.
வாயைத் திறந்து ஒரு ஹா.
மரத்தின் முகத்தில் பனி பிடிக்கும்.
பனி மறையும் முன் துடைக்க வேண்டும்,
இழை போகிற பக்கமாய், அழுத்தாமல்.
கடையில் விற்கிற எலுமிச்சை வாசத் தெளிப்பு
மேசைக்கு நல்லது.
நான் மேசை வாசிப்பதில்லை.

கப்பலில் வாசித்துவிட்டு வந்த டெறிக்
ஒன்பது தவணையில் தந்தது.
'தோல் மெல்லிசு' என்றான், 'உங்கட மாமி மாதிரி.
எதுக்கும் முகம் மாறும்.'
றப்பர் தாங்கியில் சாய்த்தால் மாறும்.
ரெக்சின் பட்டி ஓர் இரவு மேலே கிடந்தால் மாறும்.
நுளம்பைப் பற்றி அவன் சொல்லவில்லை.

ஆனியில் மழை. வாய்க்கால் ஓடாமல் நின்றது.
புகை வண்டி வந்து போன பிறகும்
ஒழுங்கையில் நாலு வீட்டில் காய்ச்சல்.
பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம்:
கை கால்களுக்கு நுளம்புத் தைலம் கட்டாயம்.
அபிரா பூசிக்கொண்டாள். நல்ல பிள்ளை.
பூசிய கையோடு ஒரு மணித்தியாலம் வாசித்தாள்.

காலையில் பார்த்தேன்.
வலது முன்னங்கை சாய்கிற விளிம்பு
பாலாடையாய் வெளிறிக் குழைந்து,
அதில் அவள் தோலின் கோடுகள்,
மயிர்க்கால்கள்,
பழைய கொப்புளிப்பான் தழும்பு ஒன்று.

நான் கத்தியது நாலாம் மாடிக்குக் கேட்டிருக்கும்.
அவள் அழவில்லை.
'அப்ப டெங்கு வந்தாப் பரவாயில்லையா?'
அதற்கு நான் சொன்ன பதிலை
இங்கே எழுதமாட்டேன்.

கொம்பனித்தெருவில் ரசீன்,
கைபேசிக் கண்ணாடி மாற்றுகிறவன், கிற்றாரும் பார்ப்பான்.
தொட்டுப் பார்க்கப் போன என் விரலைத் தட்டிவிட்டான்.
'வானிஷ் உருகியிருக்கு அக்கா. தானா இறுகட்டும்.
ஒரு மாசம் ஒண்டும் செய்ய வாணாம்.
பாத்துக்கொண்டு நிக்கவும் வாணாம்.'

அன்றிலிருந்து தைலம் என் கையில் படவில்லை.
சனிக்கிழமை கலியாணம்.
ஞாயிறு, நாலு மணித் தேநீருக்கு
ஹோட்டல் தோட்டத்தில், தாமரைத் தொட்டிக்குப் பக்கத்தில்.
வெறும் கையோடு வாசித்தேன்.
வானிஷ் தப்பியது.
எனக்குத்தான் நூற்றிமூன்று.

களுபோவிலையில் கட்டில், கட்டிலைச் சுற்றி வலை.
குருதித் தட்டுகள் அறுபத்திரண்டாயிரம்,
மறுநாள் நாற்பத்தோராயிரம்.
பார்வை நேரம் திறந்ததும்
அபிரா வலைக்கு வெளியே நின்று சொல்வாள்,
'துடைச்சிட்டன். அந்த இடத்தை மட்டும் விட்டிட்டு.'
'மூச்சு?'
'விட்டன்.'
'கை?'
'சவர்க்காரம் போட்டு, ரெண்டு தரம்.'
தாதி எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.
வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதென்று
நினைத்திருப்பாள்.

வீடு திரும்பியபோது அந்த இடம் இறுகியிருந்தது.
மினுக்கம் இல்லை. ஒட்டவும் இல்லை.
தண்ணித்தாள் பிடித்து மினுக்கலாம், ஒன்பதாயிரம்
என்று ரசீன் செய்தி அனுப்பியிருந்தான்.
பிறகு பார்ப்போம் என்று போட்டேன்.
கையில் காசில்லை, அதுதான் காரணம்.
வேறு காரணம் தேடாதீர்கள்.

இப்போது வெளிக்கிடும் முன்
அபிரா என் கையை இழுத்துப் பிடித்து
தோளிலிருந்து மணிக்கட்டு வரை தைலம் பூசுகிறாள்.
பிறகு தன் பழைய பள்ளிச் சொக்ஸ்,
வெள்ளை, விரல் பக்கம் வெட்டியது,
அதை முழங்கைக்கு மேலே ஏற்றிவிடுகிறாள்.
பட்டுச் சேலைக்கு அது பொருந்தவே இல்லை.

நேற்றுத் தோட்டத்தில் ஒரு வெளிநாட்டுக்காரி
பாட்டின் நடுவில் குனிந்து கேட்டாள்,
கையில் காயமா என்று.
இல்லையென்று தலையாட்டினேன்.
வாசிக்கும்போது எனக்குப் பேச வராது.
அவள் என் கையை வாசித்துக்கொண்டு நின்றாள்,
தோய்த்தும் போகாத மையில்
அபிரா எழுதிவைத்திருந்த
வட்ட வட்டமான எழுத்துகளை:
அவள் பெயர்,
ஏழாம் வகுப்பு,
வலது கால்.