குளிருக்கு ஒரு கட்டம்

பில்லில் நான் தட்டுவது:
லேபர், ஆயிரத்து எண்ணூறு.
வவுச்சரில் எழுதுவது:
நௌபல், கவியரசு, கண்ணாடி ஒன்று,
முந்நூற்றைம்பது.
இரண்டுக்கும் ஒரே மேசை, ஒரே பேனாக்கூடு.
நடுவில் உள்ள ஆயிரத்து நானூற்றைம்பதை
நான் கண்ணால் கண்டதில்லை,
என் விரல் வழியாகத்தான் போகிறது என்றாலும்.

பிங்கர்போஸ்ட் இறக்கத்தில் ஜனவரி.
ஷட்டர் பூட்டைத் தொட்டால் விரல் ஒட்டுகிறது.
கர்நாடகப் பதிவெண் கார் ஒன்று
தலைகுந்தா வளைவில் காட்டெருமையை
நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்து நிற்கிறது.
நொறுங்கியும் உதிராத கண்ணாடி
ஈரத்துணி போல் உள்ளே தொய்ந்திருக்கிறது.
"எருமைக்கு ஒண்ணும் ஆகலியே?" என்கிறான் நௌபல்.
ஓட்டிவந்தவர் முறைக்கிறார்.

கவியரசு உள்ளே, நௌபல் வெளியே,
நடுவே ஒரு கம்பி.
இவன் இழுக்க அவன் விட
அவன் இழுக்க இவன் விட
பழைய பசை முனகிக்கொண்டே அறுபடுகிறது.
கையுறை ஒரு ஜோடிதான். ஆளுக்கு ஒன்று,
இழுக்கிற கைக்கு.

புதுக் கண்ணாடி உட்கார்ந்தபின்
காத்திருப்பு.
கதவைக்கூட அறைந்து சாத்தக் கூடாது.
டியூபின் முதுகில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை:
இருபத்தைந்து டிகிரி என்றால் ஒரு மணி நேரம்.
பத்து என்றால் நாலு.
ஐந்துக்குக் கீழே எண் இல்லை, ஒரு கோடு மட்டும்.
அவசரப்பட்டால் கண்ணாடி பெயர்ந்து வரும் என்று
பசைக்காக மிரட்டி எழுதியிருக்கிறார்கள்.
நௌபலைப் பற்றி எந்த டியூபிலும் எழுதவில்லை.

கோயம்புத்தூர் கடையில் நாளைக்கு ஆறு கண்ணாடி,
இங்கே இரண்டு.
ரேட் மட்டும் மலையேறும்போது
மூச்சு வாங்குவதில்லை, ஏறுவதுமில்லை.
"சும்மா உக்காந்திருக்கறதுக்கு எவன் காசு தருவான்?"
முதலாளி போனில் சொன்னது, தீபாவளிக்கு முன்.
அப்போதும் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.
எனக்கு மாதச் சம்பளம்.

ஐந்தரை மணி.
பசைக்கு வைத்த ஹாலஜன் விளக்கில்
இருவரும் கை காய்ச்சிக்கொள்கிறார்கள்.
கார்க்காரர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார்:
"ஒன்பதுக்குப் பந்திப்பூர் கேட் மூடிடும். விட்டுடு."
நௌபல் தாளைப் பார்க்கிறான்.
கவியரசு, நௌபல் தாளைப் பார்ப்பதைப் பார்க்கிறான்.
நான் மனதில் கழித்துப் பார்க்கிறேன்:
கூலியைவிட நூற்றைம்பது கூட.
"கூடலூர் இறக்கத்துல சடன் பிரேக் அடிச்சீங்கன்னா
கண்ணாடி உங்க மடியில இருக்கும் சார்.
இன்னும் முக்கால் மணி நேரம்."
அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார்.
போகும்போது திரும்பவும் எடுக்கவில்லை.

அன்றைக்குப் பேரேட்டில்
'கண்ணாடி'க்கும் 'கூலி'க்கும் நடுவே
அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டேன்.
கோணலாக விழுந்தது, என் விரலும் விறைத்திருந்தது.
புதுக் கட்டத்தின் தலையில் 'குளிர்' என்று எழுதி
கீழே: எட்டு டிகிரி, நாலரை மணி.
தொகை எழுதவில்லை.
எவ்வளவு என்று எனக்குத் தெரியாது,
பூஜ்யம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை முதலாளி வருவார், புத்தகம் புரட்டுவார்.
காலி டியூபைக் குப்பையில் போடாமல்
என் டிராயரில் வைத்திருக்கிறேன்.
டிராயர் முழுக்க அந்த வாடை.