பதினெட்டு மீட்டர்

"சமையலறை ஜன்னலை மூட முடியவில்லை" என்றாள்
லவ்டே பெந்ரீத்.
தொலைபேசியில் அவ்வளவுதான்.
ஜன்னலுக்கு என்னை எதற்குக் கூப்பிடுகிறாள் என்று
வண்டியோட்டிக்கொண்டே யோசித்தேன்.

ஹெல்ஸ்டனுக்குத் தெற்கே மேட்டில் ஒரு கல்வீடு.
ஜன்னல் இடுக்கில் வெளியேறிய ஆரஞ்சு வயர்
நனைந்த புல்லில் ஊர்ந்து
கமேலியாவைச் சுற்றி
ஒரு ஜாம் புட்டிக்குள் தலை நுழைத்து
அங்கே இன்னொரு வயரோடு கைகோத்து
தோட்டக் கோடியின் மரக்குடிலுக்குள் போயிற்று.
உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு கெட்டில், ஒரு படுக்கை.
டிகரி. அவள் கணவன்.
கணவனாக இருந்தவன், என்று திருத்தினாள்.
வீட்டை விற்றுப் பிரித்தால் யாருக்கும் காணாது,
அதனால் அவன் தோட்டத்தில்.
இரண்டு குளிர்காலமாக
அவனுக்குச் சூடு போன அதே இடுக்கில்
கடல்காற்று அவள் அடுப்படிக்கு வந்திருக்கிறது.

நான் மின்வேலைக்காரி. பஞ்சாயத்து என் தொழிலல்ல.
நாடாவைப் பிடித்து அளந்தேன்.
பதினெட்டு மீட்டர்.

அறுபது சென்டிமீட்டர் ஆழம் வேண்டும் என்றேன்.
டிகரி சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்தான்.
லவ்டே தேநீர் கொண்டுவந்தாள்,
ஒரே கோப்பை,
எனக்கு.

கமேலியா வேரருகே, ஒரு சாண் ஆழத்திலேயே,
மண்வெட்டி நின்றது.
வெள்ளை வயர்.
வீட்டுச் சுவருக்குள் ஓட வேண்டியது,
மண்ணுக்குள் படுத்திருந்தது.
நடுவில் ஓர் ஒட்டு, அதைச் சுற்றி டேப்,
டேப்பைச் சுற்றி வேர்.
முன்னே இருந்தவர்கள் குளத்துப் பம்புக்குப் போட்டதாம்.
குளம் எப்போதோ தூர்ந்துவிட்டது.
சோதனைக்கருவியை வைத்தேன்.
எரிந்தது சிவப்பு.

"இங்கேதானே கிழங்கு நட்டேன்" என்றாள்.
"மழையில்" என்றான்.
அதுவரை அவர்கள் என் வழியாகத்தான் பேசியிருந்தார்கள்.
பதினோரு வருஷம்.
இருவரும் குழியைப் பார்த்தார்கள்.
நான் போய் மெயினை அணைத்தேன்.

மறுநாள் மணல் பரப்பி
எஃகுக் கவசமிட்ட கேபிளைக் கிடத்தினேன்.
கறுப்பு, தடிமன், வளைய மறுக்கும் சாதி.
பாதி மண் தள்ளி, மஞ்சள் நாடா:
இனி எவர் தோண்டினாலும்
கேபிளுக்கு முன் எச்சரிக்கை தட்டுப்படும்.
குடிலருகே செம்புக்கம்பியை
நிலத்துக்குள் அடித்து இறக்கினேன்.
"வீட்டில்தான் எர்த் இருக்கிறதே?" என்றான்.
இந்த இடத்துக்கு அது சரிவராது,
அங்கே பழுதென்றால் இங்கே உங்கள் கெட்டில்வரை நடந்து வரும்,
உங்களுக்குத் தனி மண் என்றேன்.
அவன் சிரித்தான். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை.

வீட்டுப் பலகையில் புது ஸ்விட்சைக் காட்டியபோது
லவ்டே விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.
"அப்படியானால் அவன் வெளிச்சம் என் கையில்."
அவர் பக்கத்திலும் ஒன்று உண்டு என்றேன்.
"அதை அணைத்தால் எனக்கு?"
உங்களுக்கு ஒன்றும் ஆகாது.
கொஞ்சம் நின்றாள்.
"சரி" என்றாள்.

சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.
டக்.
குடில் இருண்டது. கதவைத் திறந்து டிகரி எட்டிப்பார்த்தான்.
இங்கிருந்து அவள் கை தூக்கினாள்,
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பதுபோல்.

ஆரஞ்சு வயரை உருவியெடுத்தேன்.
பிளக்கின் ஒரு மூலை உருகிப் பழுப்பேறியிருந்தது,
இருவரிடமும் காட்டினேன், இருவரும் வாங்கிப் பார்த்தார்கள்.
ஜன்னல் முதல் தள்ளலில் அசையவில்லை,
இரண்டாவதிலும்.
மூன்றாவதில் மூடியது.
அப்போதுதான் அந்த அறையில் ஒரு கடிகாரம்
ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

ரசீது யார் பெயரில் போட, என்று கேட்டேன்.
இருவரும் ஒரே நேரத்தில்
தத்தம் பெயரைச் சொன்னார்கள்.