கோவேறு கழுதை ஏறிய கப்பல்

கப்பல் வந்து இறங்கியபோது
அது கப்பலாக இல்லை.
ஆரிக்கா துறைமுகத்தில் வைக்கோல் சுற்றிய பொதிகள்,
எண்ணெய் தடவிய தகடுகள், பீப்பாய் பீப்பாயாக ஆணிகள்.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு உருப்படிகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண்.
பெயர் மட்டும் முழுசாக வந்திருந்தது,
பித்தளை எழுத்துகளில்:
வெங்கதோரா.
பழிவாங்குபவள்.

நான் எவாரிஸ்தோ வல்கார்சேல், கிடங்குக் கணக்கன்.
கடற்படைச் சம்பளம், கடற்படைத் தொப்பி.
நீச்சல் தெரியாது.

லண்டன் பட்டறைக்குப் போன கடிதத்தில்
ஒரே நிபந்தனைதான் இருந்தது:
எந்த உருப்படியும் ஒரு கோவேறு கழுதையின்
சுமைக்கு மேல் கனக்கக் கூடாது.
எந்திரத் தண்டு மட்டும் அதைப் படிக்கவில்லை போலும்.
நாற்பது பேர் அதைத் தோளில் ஏற்றினார்கள்,
பல்லக்கு தூக்குவதுபோல,
உள்ளே யாரும் இல்லாத பல்லக்கு.
பதினான்கு மாதம் கழித்து
இருபத்தாறு பேர் இறக்கிவைத்தார்கள்.

மானம் கப்பலேறும் என்பார்கள்.
எங்கள் மானம் கழுதை ஏறிற்று.
டாக்னா தாண்டி, மணல் தாண்டி,
மூச்சு பாதிதான் உள்ளே போகும் கணவாய் தாண்டி,
கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
முன்னால் மனிதர்கள்;
பின்னால் ஒரு போர்க்கப்பல்
வாலாட்டிக்கொண்டு, காது மடக்கிக்கொண்டு,
புல் கண்ட இடத்தில் நின்று நின்று.

ஏழாம் மாதம் ஆன்செல்மோ சம்பில்யா வந்தான்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
மேசைமேல் இரண்டு காதுகளை வைத்தான்.
செத்த கழுதைக்கு அதுதான் ரசீது.
"தகடு?"
"அதுவும்தான்."
"எங்கே?"
கையை விரித்துக் கீழே காட்டினான்.
என் கிடங்குத் தரைக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு
இருப்பதுபோல நானும் குனிந்து பார்த்தேன்.

உருப்படி 1307.
இடப்பக்கம், நீர்மட்டத்துக்கு இரண்டு முழம் கீழே.
கழுதைக்கு முப்பத்தைந்து பேசோ கொடுத்தேன்.
1307க்கு நேரே கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஆறு ஆண்டுகள்.
இரண்டு அமைச்சர்கள், ஒரு புரட்சி, மூன்று தடவை கொள்ளைக் காய்ச்சல்.
பூனோ கரையில் ஆணி அறையும் சத்தம்
ஏரியில் போய் முட்டித் திரும்பி வந்தது.
1307 இருக்கவேண்டிய ஓட்டையில்
தச்சன் ஒருவன் தேவதாரு பலகையை அறைந்து தாரைப் பூசினான்.
நிலக்கரி இல்லை.
லாமா வறட்டியைப் போட்டுக் கொதிகலனை எரித்தார்கள்.
டிட்டிகாக்காவில் பழிவாங்குபவள்
சாணி மணக்க மிதந்தாள்.

பீரங்கிகள் இரண்டும் மேற்கே பார்த்தன, பிறகு கிழக்கே.
அக்கரையில் நாணல் ஓடங்கள் மட்டும்.
கடைசியில் ஒரு போர் வந்ததுதான்,
ஆனால் அது கடல் வழியாக வந்தது,
நாங்கள் கப்பலைத் தூக்கிக்கொண்டு எந்தக் கடலுக்கு முதுகு காட்டினோமோ
அதன் வழியாக.

கணக்கு முடிக்கச் சொல்லி ஆணை வந்த வருடம்
கணவாய் வழியே பூனோவுக்குப் போனேன்.
ஆலங்கட்டி மழை.
பள்ளத்தின் அடியில் ஒரு கல்வீடு,
கூரையில் படபடவென்று இரும்பின் சத்தம்.
கதவைத் திறந்தவள் பெயர் சிப்ரியானா.
ஆன்செல்மோவைத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.
சுவரில் அவன் தொப்பி தொங்கியது.

உருளைக்கிழங்குக் கஞ்சி கொடுத்தாள்.
அண்ணாந்து பார்த்தேன்:
துரு தின்றது போக மீதியில்
வெள்ளையாக ஒரு மூன்று, ஒரு சுழியம்,
பாதி ஏழு.
இரண்டு குழந்தைகள், ஒரு ஆட்டுக்குட்டி, நான்,
நால்வரும் நனையாமல் இருந்தோம்.

பூனோவில் பேரேட்டைத் திறந்தேன்.
வெறும் கட்டம் மஞ்சளாகி இருந்தது.
பேனாவை இருமுறை தொட்டு எழுதினேன்:
1307. வந்து சேர்ந்தது.
பொருத்தப்பட்டது.
ஒழுக்கு இல்லை.