ஏழு தண்ணி

காட்பாடி சிட்கோவில் கத்திரி வெயில்.
தகரக் கூரைக்குக் கீழே ஏ.சி. ஓடுவது
எனக்காக இல்லை, எந்திரத்துக்காக.

மூட்டை எண் பதினேழு, பூனைக்காலி விதை.
ஒடுகத்தூர் ஏகாம்பரம் மண்டி.
தோலுரித்து, அரைத்து, சலித்து
நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து
வடித்த துளியைக் குப்பியில் ஏற்றினேன்.

ஆறாம் நிமிடத்தில் எழும்பும் மலை
அன்று எழும்பவில்லை.
திரையில் ஒரு கரையான் புற்று.
ஒன்று புள்ளி நான்கு விழுக்காடு.
வேண்டியது மூன்றரை.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்.
தராசைப் பார்த்தேன். கணக்கைப் பார்த்தேன்.
மதியம் கரண்ட் போனபோது
குப்பியை மூடாமல் விட்டேனோ?
விட்டிருந்தால் கறுத்திருக்கும்,
அரிந்து வைத்த இலவம்பாடிக் கத்தரி மாதிரி.
கறுக்கக்கூட அதில் ஒன்றும் இல்லை.

ஏகாம்பரம் போனில்:
"போன வருசம் பாஸான அதே மலைதாம்மா.
இன்னொருவாட்டி ஓட்டிப் பாரேன்."
விழுகிறவரை ஓட்ட
இது லாட்டரி இல்லை என்றேன்.

மூட்டையை ட்ரேயில் கொட்டினேன்.
சாக்கில் ஒட்டி வந்த ஒரு சுணை
கையுறைக்கு மேலே, மணிக்கட்டில்,
வேலையைத் தொடங்கியது.
பளபளப்பவை ஒரு பக்கம்.
மங்கித் தோல் சுருங்கியவை ஒரு பக்கம்.
நூறில் அறுபத்திரண்டு மங்கல்.
இரண்டிலும் பத்துப் பத்து எடுத்து
ஈரப் பஞ்சில் வைத்தேன்.
நாலாம் நாள் பளபளப்பு முளைத்தது.
மங்கல் ஊதி, பிசுபிசுத்து, நாறியது.

வெந்த விதை.

லோடு இறக்க வந்த சடையனுக்கு
பீஞ்சமந்தைப் பக்கம் ஊர்.
விதையை நகத்தால் கீறிப் பார்த்தார்.
"ஏழு தண்ணி மாத்தி வேகவெச்சது.
ஒண்ணு கொறஞ்சாலும் தலை சுத்தும், வாந்தி வரும்.
ஆடியில திங்கக் காயவெச்சிருப்பாங்க.
கிலோவுக்கு இவ்ளோன்னு மண்டிக்காரர் சொன்னதும்
பானையில இருந்ததும் மூட்டைக்கு வந்திருச்சு."

நான் மில்லிகிராமில் தேடுவதை
அவர்கள் ஏழு தடவை
வாசலில் ஊற்றுகிறார்கள்.
எந்தத் தண்ணியில் எவ்வளவு போகிறதென்று
அளந்த ஆள் இல்லை.
ஏழு என்பது மட்டும் தெரியும்.
ஆறில் நிறுத்தி யாரோ ஒருநாள்
சுருண்டு விழுந்திருக்க வேண்டும்.

எந்த ஊரிலோ
டம்ளரைத் தளும்பாமல் தூக்க முடியாத ஒரு கை
இந்தப் பொடிக்குக் காத்திருக்கிறது.
அந்தக் கைக்கு
இது வெறும் சாப்பாடு.

படிவத்தில் நிராகரிப்பு என்று டிக் செய்தேன்.
காரணத்துக்கு இரண்டு விரற்கடை இடம்.
கலப்படம் என்று எழுதி
அடித்தேன்.
வேகவைத்த விதை, அறுபத்திரண்டு விழுக்காடு
என்று எழுதினேன். மேலதிகாரி
இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்பார்.
கேட்கட்டும்.

பம்பை ஓட்டி எந்திரத்தைக் கழுவினேன்.
மெத்தனாலும் தண்ணீரும் கழிவுக் குடுவையில்
சொட்டுச் சொட்டாக.
எவ்வளவு நேரம் என்பது கையேட்டில் இருக்கிறது.

வெளியே வண்டியருகில் சடையன்,
மூட்டைமேல் ஒரு கால்.
"எறக்குனதுக்குக் குடுத்தாங்க.
திரும்ப ஏத்துறதுக்கு யாரு குடுப்பாங்க?"

மணிக்கட்டு இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.