இருபத்தொன்றாவது வளைவு

விரல்களை எண்ண வேண்டும், நாளைக்குப் பத்துத் தடவை.
பகலில் பழகினால்தான்
இரவில் கை தானாக எழும்பும்.
நாலு ரோடு ஸ்கேன் சென்டரில்
டோக்கன் கிழித்துக்கொண்டே எண்ணுகிறேன்.
ஐந்து. இந்தப் பக்கமும் ஐந்து.
வரிசையில் நிற்கும் நிறைமாதக்காரி
தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.

கனவிலென்றால் ஆறு இருக்கும், இல்லை நாலு.
அப்போது சொல்லிக்கொள்ள வேண்டும்:
இது கனவு,
இனி என் இஷ்டம்.

நாலரைக்கு எழுந்து
கொஞ்ச நேரம் விழித்திருந்து
மறுபடி படுத்தால் கதவு திறக்குமாம்.
சொன்னவருக்குக் குழந்தை இல்லை போலிருக்கிறது.
பொன்னம்மாபேட்டை கேட்டில் சரக்கு ரயில்
நாலு இருபதுக்கே எங்கள் ஜன்னலை ஆட்டும்.
மகிழினி எழுந்து ஒன்றுக்குப் போகணும் என்பாள்,
போனால் வராது.
சேகோ ஆலையிலிருந்து மாதேஷ் வருவார்,
சட்டையில் புளித்த மாவு வாடையோடு.
ஐந்து நாளைக்கொருமுறை மேட்டூர்த் தண்ணீரும்
அந்த நேரம் பார்த்துத்தான் வரும்.
எனக்கு எதற்கு அலாரம்?
மறுபடி படுப்பதற்குத்தான்
யாராவது மணியடிக்க வேண்டும்.

கனவுகளை எழுதிவைக்கப்
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள்.
செவ்வாய்: பரீட்சை ஹால், பேனா இல்லை, பக்கத்தில் மாமியார்.
வியாழன்: யாரோ அழுதார்கள்.
(நிஜமாகவே அழுதாள், பல் வலி.)
பக்கம் தீர்ந்து கணக்குக்குள் புகுந்துவிட்டேன்.
மாதக் கடைசியில் மாதேஷ் கேட்டார்:
"பன்னெண்டாந் தேதிக்கு நேரா
'பறந்தேன், ஆனா தெரியல'ன்னு இருக்கு.
இதுக்குப் பால்காரனுக்கு எவ்வளவு தர்றது?"

சிரித்தோம்.
அடுத்த வாரம் சிரிக்கவில்லை.
கன்னங்குறிச்சிக்காரி ஒருத்தியின் பித்தப்பைக் கல்லை
வேறொருத்தியின் கவரில் போட்டு ஒட்டிவிட்டேன்.
கல்லே இல்லாதவள் படியில் உட்கார்ந்து அழுதாள்.
டாக்டர் எதுவும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றினார்,
அவ்வளவுதான்.
அன்று இரவு மாதேஷ் சொன்னது:
"தூங்கறதே அஞ்சு மணி நேரம்.
அதுலயும் ஒரு வேலை வெச்சுக்கறே."

விட்டுவிடச் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
பேசி முடித்தது இப்படி:
சனிக்கிழமை மட்டும்.
அன்று மகிழினி அவர் பக்கம் படுப்பாள்.
செல்போன் தலையணைக்கு அடியில், சத்தமில்லாமல் நடுங்கும்.
மற்ற நாள் கனவு வந்தால்
வந்துவிட்டுப் போகட்டும்,
நான் பின்னால் ஓடமாட்டேன்.

மூன்று சனி ஒன்றும் இல்லை.
ஒரு சனி நடுங்கியதுகூடத் தெரியவில்லை.

ஐந்தாவதில் ஏற்காடு பஸ்.
ஜன்னலோரம். ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும்
மஞ்சள் பலகையில் எண்.
பதினெட்டு. பத்தொன்பது. குரங்கு. இருபது.
பிறகு ஏரி வர வேண்டும், வரவில்லை.
பஸ் திரும்பியது,
பலகையில் இருபத்தொன்று.

கையைப் பார்த்தேன்.
ஆறு விரல். ஆறாவதில்
மகிழினியின் ரோஸ் நெயில்பாலிஷ்.

தெரிந்துவிட்டது.
டிரைவர் இல்லை, கண்டக்டர் இல்லை,
கீழே சேலம் முழுக்க விளக்கு,
மேலே மிளகுக்கொடி ஏறிய மரங்கள்.
ஜன்னல் கம்பி நான் நினைத்ததும் இளகியது.
பறக்கலாம். இறந்துபோன சித்தப்பாவை வரச் சொல்லலாம்.
கடலை இங்கே கூப்பிடலாம், வரும்.

நான் கடைசி சீட்டுக்குப் போனேன்.
ஆறு பேர் உட்காரும் நீள சீட்டு.
செருப்பைக் கழற்றினேன்.
காலை நீட்டிப் படுத்தேன்.
இருபத்திரண்டு, இருபத்துமூன்று,
தொட்டில் மாதிரி பஸ் ஆடியது.
யாரும் அம்மா என்று கூப்பிடவில்லை.
தூங்கினேன்,
தெரிந்தே தூங்கினேன்.

எழுந்தபோது வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது.
ஏழு நாற்பது.
டிரம்கள் நிறைந்து மூடியிருந்தன, தரையில் ஈரக்காலடி.
பால் நோட்டில் அவர் கையெழுத்து:
தண்ணி பிடிச்சாச்சு. எழுப்பல. பால் ஒரு லிட்டர்.

மகிழினி என் கையைப் பிரித்து வைத்து
ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணுகிறாள்.
கட்டைவிரலை இரண்டு தடவை தொட்டு
"ஆறு" என்கிறாள்.

எதற்கும் கடிகாரத்தை
இன்னொரு முறை பார்த்தேன்.